ஆராவ் நகரத்துச் சான்றிதழ்

தேர்வு எழுதுவது ஒரு துன்பம். முடிவுக்காகக் காத்திருப்பது அதனினும் பெரிய துன்பம். இன்ன மதிப்பெண் வந்தால்தான் இன்ன இடம் என்று ஒரு நிபந்தனையையும் தலையில் சுமந்துகொண்டு காத்திருப்பதோ துன்பங்களுக்கெல்லாம் தலையாய துன்பம். இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு முடிந்ததும், ஒரு பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு அறிவியல் படிப்பில் சேர வேண்டும் என்பது என் கனவு. அதற்குக் குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டும். இயற்பியலும் கணிதமும் கைகொடுத்தன. வேதியியல் காலை வாரிவிட்டது. ஏழு மதிப்பெண் குறைவு! முடிவு வந்த அன்று காலை, என் அப்பா தம் தையற்கடையில் யாருக்கோ சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் செய்தியைச் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சற்று நேரம் கழித்து மீண்டும் எடுத்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் இக்கல்லூரியில் இயற்பியல் மாணவனாகச் சேர்ந்தேன். முதல் பருவத்தில் எதிலும் மனம் ஒட்டாமல், வகுப்பில் உடல் மட்டும் இருந்த நாட்கள் அவை. என் முகத்தைப் படித்துக்கொண்ட எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், ஒரு நாள் நூலகத்தில் என்னை அழைத்து ஒரு வாழ்க்கை வரலாற்று நூலைக் கையில் கொடுத்தார். அதில் இருந்த ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னார். அது ஓர் பழைய பள்ளிச் சான்றிதழ். சுவிட்சர்லாந்து நாட்டு ஆராவ் நகரில் 1896-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் வழங்கப்பட்டது. மாணவர் பெயர்: ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

அந்தச் சான்றிதழின் கதையைத்தான் என் உடன்பயிலும் நண்பர்களுக்கு இம்மலர் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளியைத் துறந்த சிறுவன்

ஐன்ஸ்டைன் 1879-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் பிறந்தார். மறு ஆண்டே குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஹெர்மன், தம் தம்பி யாக்கோபுடன் சேர்ந்து மின்சாரக் கருவிகள் செய்யும் தொழில் நடத்தினார். மின்விளக்கு அப்போதுதான் உலகை எட்டிப்பார்க்கத் தொடங்கிய காலம். தொழில் முதலில் தழைத்தது. பின்னர்ப் பெரிய நிறுவனங்களோடு போட்டியிட முடியாமல் நொடித்தது. 1894-இல் குடும்பம் பிழைப்புத் தேடி இத்தாலிக்குச் சென்றது. பள்ளிப் படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்று ஆல்பர்ட்டை மட்டும் மியூனிக்கில் விட்டுச் சென்றனர்.

பதினைந்து வயதுச் சிறுவன், தனிமை, படையணி போல் நடத்தப்பட்ட பள்ளி, பதினேழு வயதுக்குள் நாட்டைவிட்டு நீங்காவிடில் கட்டாய இராணுவப் பணி காத்திருக்கிறது என்ற அச்சம். அவ்வாண்டு இறுதியிலேயே, நரம்புத் தளர்ச்சி என்று ஒரு மருத்துவச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு பள்ளியைவிட்டு வெளியேறிவிட்டார். முன்னறிவிப்பின்றி இத்தாலியில் பெற்றோர்முன் போய் நின்றார். கையில் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை. அக்காலத்தில் அது இல்லையேல் பல்கலைக்கழகக் கதவு திறவாது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கும் மகனைக் கண்ட பெற்றோரின் நிலையை, தமிழ்நாட்டுப் பெற்றோரைக் கண்டு வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. சூரிச் நகரின் பாலிடெக்னிக் அன்றே புகழ்பெற்ற உயர்கல்விக்கூடம். அங்கே பள்ளிச் சான்றிதழ் இல்லாதோரும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். ஆனால் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆல்பர்ட்டுக்கோ பதினாறரை. குடும்ப நண்பர் குஸ்தாவ் மையர் என்பவர் பரிந்து பேசியதால், வயது விதியைத் தளர்த்தித் தேர்வெழுத அனுமதித்தார்கள்.

தோல்வி

1895 அக்டோபரில் தேர்வு நடந்தது. கணிதத்திலும் இயற்பியலிலும் அவர் எழுதியவை தேர்வாளர்களை வியக்கவைத்தன. இயற்பியல் பேராசிரியர் ஹைன்ரிக் வெபர், சூரிச்சிலேயே தங்கினால் தம் வகுப்புகளில் வந்து அமரலாம் என்று அழைப்பே விடுத்தார். ஆனால் பொதுப் பகுதி என்று ஒன்று இருந்தது. இலக்கியம், பிரெஞ்சு, அரசியல், விலங்கியல், தாவரவியல் ஆகியன அதில் அடங்கும். அதில் ஐன்ஸ்டைன் தேறவில்லை. இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு நான் சிறிது நேரம் சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேதியியல், அவருக்குப் பொதுப் பகுதி. உவமை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதை அறிவேன். ஆனால் துன்பத்திற்கு ஏது தகுதி?

இங்கே ஒரு மனிதரை நாம் மறந்துவிடலாகாது. பாலிடெக்னிக்கின் தலைவர் ஆல்பின் ஹெர்சாக். இடம் இல்லை என்று சொல்வதோடு அவர் கடமை முடிந்திருந்தது. அவர் அத்துடன் நிற்கவில்லை. சூரிச்சிலிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆராவ் நகரின் பள்ளியில் ஓராண்டு படித்து இறுதித் தேர்வில் தேறி வரும்படி அறிவுரை கூறினார். அச்சான்றிதழ் இருந்தால் நுழைவுத் தேர்வே வேண்டாம். வயது சற்றுக் குறைந்தாலும் இடம் உண்டு. ஆக, ஐன்ஸ்டைன் பெற்றது மறுப்பு மட்டுமன்று; நிபந்தனையோடு கூடிய ஓர் உறுதிமொழி. தேறினால் இடம், தேறாவிட்டால் மீண்டும் நடுத்தெரு.

ஆராவில் ஓராண்டு

ஆராவ் பள்ளி, கல்வியறிஞர் பெஸ்டலோசியின் கொள்கைகளைப் பின்பற்றியது. உருப்போடுவதைவிடக் கண்டு உணர்வதற்கும், மாணவன் தானே சிந்திப்பதற்கும் அங்கே முதலிடம். மியூனிக்கில் மூச்சுமுட்டிய சிறுவனுக்கு இது புதுக் காற்றாக இருந்தது. அங்கே ஆசிரியராக இருந்த யோஸ்ட் விண்டெலர் என்பவரின் இல்லத்தில் தங்கினார். அவ்வீட்டில் ஏழு பிள்ளைகள். இவர் எட்டாவது பிள்ளை ஆனார். பிற்காலத்தில் இவருடைய தங்கை மாயா அவ்வீட்டு மருமகளானார். இவருடைய ஆருயிர் நண்பர் மிக்கேல் பெசோ அவ்வீட்டு மருமகனானார். இடம் கிடைக்காமல் தள்ளப்பட்ட ஊரில் ஒரு குடும்பமே கிடைத்தது!

ஒளிக்கதிர் ஒன்றை அதன் வேகத்திலேயே துரத்திக்கொண்டு ஓடினால் அந்த ஒளி நம் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது இந்த ஆராவ் ஆண்டில்தான். பத்து ஆண்டுகளுக்குப்பின் சிறப்புச் சார்பியல் கொள்கையாக மலர்ந்த விதை அது. நுழைவுத் தேர்வில் தேறி நேரே சூரிச் சென்றிருந்தால் அவ்வினா எழுந்திராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தோற்றுப்போய்க் கழித்த ஆண்டு வீணான ஆண்டன்று என்பதற்கு அது ஒன்றே போதும்.

இதை எல்லாம் அவர் கவலையின்றிக் கழித்தார் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1896-இல் தந்தை இத்தாலியின் பாவியா நகரில் நடத்திய தொழிலும் மூழ்கியது. ஜெர்மன் குடியுரிமையை அவ்வாண்டு தொடக்கத்திலேயே துறந்துவிட்டதால் அவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். வீட்டில் பணமில்லை, கையில் நாடில்லை, முன்னே ஒரு தேர்வு மட்டும் இருந்தது.

1896 செப்டம்பரில் இறுதித் தேர்வு. பிரெஞ்சுத் தாளில் எதிர்காலத் திட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும். ஐன்ஸ்டைன் எழுதிய அச்சிறு கட்டுரை இன்றும் இருக்கிறது. பிழைகள் மலிந்த பிரெஞ்சு. பாலிடெக்னிக்கில் நான்கு ஆண்டுகள் கணிதமும் இயற்பியலும் பயின்று ஆசிரியராக வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் அந்த ஆசையைக்கூட, தேர்வில் தேறும் நற்பேறு வாய்க்குமானால் என்ற நிபந்தனைக்குப் பின்னால்தான் அவர் வைக்கிறார். பிற்காலத்தில் காலத்தையும் வெளியையும் புரட்டிப்போட்ட மாமேதை, பதினேழு வயதில் நம்மைப்போலவே தேர்வுக்கு அஞ்சிய மாணவர்தான்!

சான்றிதழ் சொல்வது

இனி அந்தச் சான்றிதழைப் பார்ப்போம். இயற்கணிதம் 6. வடிவகணிதம் 6. வரைபட வடிவகணிதம் 6. இயற்பியல் 6. வரலாறு 6. ஜெர்மன் 5. இத்தாலியன் 5. வேதியியல் 5. இயற்கை வரலாறு 5. புவியியல் 4. ஓவியம் 4. தொழில்நுட்ப வரைதல் 4. பிரெஞ்சு 3.

ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றவர் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். நானும் பள்ளிப் பேச்சுப் போட்டியில் அப்படிப் பேசிக் கைத்தட்டல் வாங்கியவன்தான். அது பொய். அந்தச் சான்றிதழில் 6 என்பது மிக உயர்ந்த மதிப்பெண். ஜெர்மன் வழக்கில் 1 என்பதே உயர்ந்தது. அவ்வழக்கப்படி தலைகீழாகப் படிப்பவருக்கு அந்த ஆறுகள் எல்லாம் தோல்வியாகத் தெரியும். 1935-இல் அமெரிக்காவில் இந்தக் கட்டுக்கதையை அச்சில் காட்டியபோது, தாம் கணக்கில் ஒருபோதும் தோற்றதில்லை என்றும், பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதத்தைக் கற்றுத் தேர்ந்துவிட்டதாகவும் அவரே மறுத்தார்.

நண்பர்களே, இந்தப் பொய் நமக்கு ஆறுதலாக இருப்பதால்தான் பரவுகிறது. அவரே தோற்றார், நாம் தோற்றால் என்ன என்று சோம்பலுக்கு அது தாலாட்டுப் பாடுகிறது. உண்மையோ வேறு. அவர் தமக்கு வலிமையான பாடத்தில் மிக வலிமையாக இருந்தார். வலிமையற்ற பாடத்துக்காக ஓராண்டு காத்திருந்து உழைத்தார். அப்படியும் பிரெஞ்சில் 3-க்கு மேல் ஏறவில்லை. ஆனால் மொத்தத்தில் தேறினார். அது போதுமாக இருந்தது. 1896 அக்டோபரில், பதினெட்டு வயது நிரம்பும் முன்பே, பாலிடெக்னிக் மாணவரானார்.

உள்ளே நுழைந்த பிறகு

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். வாழ்க்கை அப்படி முடிவதில்லை. உள்ளே நுழைந்த பின்னும் தேர்வுகள் அவரை விடவில்லை. வகுப்புகளுக்கு ஒழுங்காகச் செல்லாமல் வீட்டில் இருந்து தாமே விரும்பிய நூல்களைப் படித்தார். உடன்பயின்ற மார்செல் கிராஸ்மன் அழகாக எழுதிவைத்த குறிப்பேடுகளே தேர்வுக் காலத்தில் அவரைக் காத்தன. பேராசிரியர் பெர்னெட் நடத்திய செய்முறை வகுப்பில் மிகக் குறைந்த மதிப்பெண்ணான 1 கிடைத்தது. அக்கறையின்மைக்காக எழுத்துமூலம் கண்டிக்கவும் பட்டார். செய்முறை வகுப்புக்கு மட்டம் போடும் நண்பர்கள் இதைத் தமக்குச் சாதகமாகக் கொள்ளாமல் இருப்பார்களாக!

1900-ஆம் ஆண்டு பட்டத் தேர்வு. அவருடைய பிரிவில் ஐந்து பேர் எழுதினர். சராசரி மதிப்பெண்கள்: கோல்ராஸ் 5.45, கிராஸ்மன் 5.24, ஏராட் 5.14, ஐன்ஸ்டைன் 4.91. ஐந்தாமவர் மிலேவா மாரிச் என்னும் செர்பியப் பெண், 4.00 பெற்றுத் தேறாமற்போனார். ஐன்ஸ்டைன் தேறியவர்களில் கடைசி. மற்ற மூவருக்கும் அதே நிறுவனத்தில் துணையாசிரியர் பணி கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

மிலேவாவைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லாவிட்டால் என் மனச்சான்று உறுத்தும். இயற்பியல் கற்கப் பெண்கள் அரிதாகவே முன்வந்த காலத்தில், தொலைநாட்டிலிருந்து வந்து, பல தடைகளைத் தாண்டி அவ்வகுப்பில் அமர்ந்த ஒரே பெண் அவர். மறு ஆண்டு மீண்டும் எழுதினார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். மீண்டும் தேறவில்லை. பட்டம் அவருக்குக் கடைசிவரை கிட்டவேயில்லை. 1903-இல் ஐன்ஸ்டைனை மணந்தார். தோல்வி வெற்றியின் படிக்கட்டு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சிலருக்கு அந்தப் படிக்கட்டில் அடுத்த படி இல்லை. ஒரே தேர்வுக் கூடத்தில் ஒருவருக்கு ஆராவ் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இதை நினையாமல் ஐன்ஸ்டைன் கதையை மட்டும் சொல்வது முழு நேர்மையாகாது.

ஒரு தந்தையின் கடிதம்

வேலை கேட்டு ஐன்ஸ்டைன் பல பேராசிரியர்களுக்கு எழுதினார். பதில் வரவில்லை. லைப்சிக் நகரில் இருந்த வேதியியல் மேதை வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கும் எழுதினார். அங்கிருந்தும் பதில் இல்லை. அப்போது, 1901 ஏப்ரலில், மகனுக்குத் தெரியாமல் தந்தை ஹெர்மன் அதே ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழிலில் தோற்று, உடல்நலமும் குன்றியிருந்த அந்த மனிதர், முன்பின் அறியாத பேரறிஞர் ஒருவரிடம், மகன் மனமுடைந்து கிடப்பதைச் சொல்லி, ஊக்கமாக நான்கு வரியாவது எழுதும்படியும், இயன்றால் ஒரு வேலை தரும்படியும் வேண்டினார். அதற்கும் பதில் வரவில்லை. 1902 அக்டோபரில் ஹெர்மன் மறைந்தார். மகன் உலகப் புகழ் பெறுவதை அவர் காணவில்லை.

இதைப் படித்தபோது, கீழே வைத்த கத்தரிக்கோல் என் நினைவுக்கு வந்தது. நம் கவலையை நாம் ஒருவரே சுமப்பதாக நினைக்கிறோம். நமக்குத் தெரியாமல் யாரோ ஒருவர் நமக்காக எங்கோ கைகூப்பி நிற்கிறார்.

அதே ஆஸ்ட்வால்டுதான் 1910-ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு முதன்முதலில் ஐன்ஸ்டைன் பெயரைப் பரிந்துரைத்தார் என்பது வரலாற்றின் விந்தை.

பின்வாசல் வழியே

குறிப்பேடு கொடுத்த கிராஸ்மனே மீண்டும் கைகொடுத்தார். அவருடைய தந்தையின் பரிந்துரையால் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில், 1902 ஜூன் மாதம், மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநராக ஐன்ஸ்டைன் அமர்ந்தார். ஆண்டுக்கு 3500 பிராங்க் ஊதியம். அந்த அலுவலக மேசையில் இருந்துகொண்டுதான் 1905-இல், தம் இருபத்தாறாம் வயதில், ஒளியின் துகள் தன்மை, பிரௌன் இயக்கம், சிறப்புச் சார்பியல், பொருண்மையும் ஆற்றலும் சமம் என்னும் உண்மை ஆகியவற்றைப் பற்றிய நான்கு கட்டுரைகளை உலகுக்கு அளித்தார். அவற்றுள் முதற்கட்டுரையில் விளக்கிய ஒளிமின் விளைவுக்காகவே 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

1912-இல் அவர் சூரிச்சுக்குத் திரும்பினார். பதினேழு ஆண்டுகளுக்குமுன் பொதுப் பகுதியில் தேறவில்லை என்று திருப்பியனுப்பிய அதே பாலிடெக்னிக்குக்கு, இம்முறை பேராசிரியராக! அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? அதே மார்செல் கிராஸ்மன். பொதுச் சார்பியலுக்கு வேண்டிய கணிதத்தை அவர்தாம் தேடித் தந்தார். 1915-இல் அக்கொள்கை நிறைவு பெற்றது. 1955 ஏப்ரல் 18-ஆம் நாள் ஐன்ஸ்டைன் மறைந்தார்.

என் கதை

இனி என் கதைக்கு வருகிறேன். இப்போது நான் மூன்றாம் ஆண்டு. முதுகலை இயற்பியலுக்கு வெளியூர் ஒன்றில் விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். பழைய பகை இன்னும் தீரவில்லை. துணைப்பாடமான வேதியியலில் ஒரு தாள் அரியர் விழுந்தது. சென்ற நவம்பரில் மீண்டும் எழுதினேன். இதை எழுதும் இந்த இரவு வரை முடிவு வரவில்லை. தேறினால் விண்ணப்பிக்கலாம். தேறாவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அப்பா தினமும் முடிவு வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆகவே வெற்றி பெற்றவன் சொல்லும் அறிவுரை அல்ல இது. நிபந்தனையின் வாசலில் நிற்பவன் சொல்வது. ஐன்ஸ்டைனின் வாழ்விலிருந்து நான் கற்றுக்கொண்டவை மூன்று. ஒன்று, வலிமையுள்ள பாடத்தைக் கைவிடாதே; அதுதான் ஹெர்சாக்கையும் வெபரையும் நம் பக்கம் திருப்பும். இரண்டு, பிடிக்காத பாடத்தில் 6 வாங்க வேண்டியதில்லை. தேறும் அளவுக்கு வாங்கு, ஆனால் அதற்கு மெய்யாகவே உழை. மூன்று, ஓராண்டு தாமதம் வாழ்வின் முடிவன்று.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான வேண்டுகோளும் உண்டு. இடம் இல்லை என்று சொல்ல நேரும்போது, ஆராவுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு நூலகத்தில் அவ்வழியைக் காட்டிய ஆசிரியருக்கு இந்தக் கட்டுரையே என் நன்றி.

அந்தச் சான்றிதழின் நகல் ஒன்றை என் வேதியியல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் எல்லாரும் ஆறுகளைத்தான் பார்க்கிறார்கள். நான் ஒவ்வொரு நாளும் புத்தகத்தைத் திறக்கும்போது முதலில் பார்ப்பது பிரெஞ்சுக்கு நேரே இருக்கும் அந்த 3-ஐத்தான்.